பக்கத்து டேபிள்ல யாரையோ எம்எல்எம்ல (ஆளுக்குக் கீழ ஆள் சேர்த்தா காசுன்னு சொல்ற மல்டி லெவல் மார்க்கெட்டிங்) சேர்க்குறாங்க, நாம என்ன பண்றது?

ஞாயித்துக்கிழமை மால் ஃபுட் கோர்ட்ல உக்காந்திருக்கீங்க, பக்கத்து டேபிள்ல மூணு பேரு. ஒருத்தன் புதுசு, ஒருத்தன் அவனை கூட்டிட்டு வந்த காலேஜ் ஃப்ரெண்டு, மூணாவது ஆளு சென்னை வெயில்லயும் முழுக்கை சட்டைய இன் பண்ணி ஷூவோட. ஃப்ரெண்டு வாயே திறக்க மாட்டான், தலைய மட்டும் ஆட்டுவான். டைரில ஒரு வட்டம், அதுக்கு கீழ ஆறு, ஒவ்வொண்ணுக்கும் கீழ இன்னும் ஆறு. கன்ஃபார்ம்.

டவுட்டா இருந்தா கொஞ்ச நேரம் காது குடுங்க. கம்பெனி பேரு அரை மணி நேரமானாலும் வராது, "உங்க ட்ரீம் என்ன ப்ரோ"ன்னு மட்டும் நாலு தடவ வரும். அப்புறம், "இப்போதைக்கு வீட்ல சொல்லாதீங்க, நெகட்டிவ்வா பேசுவாங்க". எனக்கு இந்த வரிதாங்க பயம். சாமியார் கூட்டத்துல ஆள் சேர்க்குறவங்களும் இதையேதான் சொல்வாங்க, மொதல்ல நாலு பேர்கிட்ட கலந்து பேசுற வழிய அடைக்கிறது, மத்ததெல்லாம் அப்புறம்.

நான் பண்ண தப்ப நீங்க பண்ணாதீங்க. ஒரு தடவ கோவம் தாங்காம எந்திரிச்சு போயி "தம்பி இது ஃப்ராடு, கிளம்பு"ன்னு சத்தமா சொல்லிட்டேன். முழுக்கை சட்டை கோவமே படல, சிரிச்சிக்கிட்டே அந்தப் பையன்கிட்ட திரும்பி "பாத்தீங்களா, இப்பதான சொன்னேன், நெகட்டிவ் பீப்பிள் இப்படித்தான் வருவாங்கன்னு" அப்டின்னான். என்னையே டெமோ பீஸ் ஆக்கிட்டான். பையன் என்னைய ஏதோ திருடனைப் பாக்குற மாதிரி பாத்தான், ஃபுட் கோர்ட்டே வேடிக்கை பாக்குது, நான் ஆறிப்போன தோசைய எடுத்துக்கிட்டு வேற டேபிளுக்கு போயிட்டேன்.

அதனால காத்திருங்க. கை கழுவவோ டோக்கன் வாங்கவோ புதுசு தனியா எந்திரிப்பாரு, அப்ப பக்கத்துல போயி நில்லுங்க. அட்வைஸ் வேணாம், ஒரே ஒரு கேள்விய கையில குடுங்க: "உங்கள கூட்டிட்டு வந்த ஃப்ரெண்டு போன மாசம் எவ்ளோ எடுத்தாரு, அக்கவுண்ட்ல ஏறின மெசேஜ காட்டச் சொல்லுங்க". மேல இருக்குற "டைமண்ட்" ரேங்க் ஆளோட கார் ஃபோட்டோ இல்ல, எதிர்ல உக்காந்திருக்கானே, அவனோடது.

இன்ஜினியரிங் பையனா இருந்தா கணக்கும் எடுபடும். ஆளுக்கு 6 பேர்னு போனா பத்தாவது லெவல் முடியும்போது மொத்தம் 7 கோடியே 25 லட்சம் பேர் வேணும், 2011 சென்சஸ்ல கைக்குழந்தையையும் சேத்து தமிழ்நாட்டு ஜனத்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான். ஆள் சேர்த்து காச சுத்தவிடறதுக்கு 1978லயே தடைச் சட்டம் வந்துடுச்சு, டைரக்ட் செல்லிங் (கடை இல்லாம ஆள் வெச்சு நேரடியா விக்கிறது) பேர்ல இந்த மாதிரி ஆளுக்குக் கீழ ஆள் சேர்க்குற பிரமிடு ஓட்டக்கூடாதுன்னு 2021ல தனியா விதியும் போட்டாங்க, ஆனா கை கழுவுற இடத்துல சட்டம் பேசினா யாரு நின்னு கேப்பா.

முக்கியமா, தப்பிக்க ஒரு சாக்கு சொல்லிக் குடுங்க. பாதி பேரு நம்பி உக்காந்திருக்க மாட்டாங்க, ஃப்ரெண்டு மூஞ்சிக்காக உக்காந்திருப்பாங்க, எந்திரிச்சா அவன் தப்பா நெனப்பானேன்னு. "அம்மா ஃபோன் பண்ணாங்க, கிளம்பணும்", "அக்கவுண்ட்ல காசு இல்ல, நாளைக்கு பாக்கலாம்" இது போதும். "இன்னைக்கே கட்டினாதான்"னு அவங்க அவசரப்படுத்துறதே ராத்திரி வீட்ல போயி யோசிச்சிடக் கூடாதுன்னுதான்.

வீடியோ எடுக்காதீங்க, அந்தப் பொண்ணோ பையனோ ஒரு தப்பும் பண்ணல, நாளைக்கு அவங்க மூஞ்சிதான் சுத்தும். எந்திரிச்சுப் போக விடல, ஃபோனையோ சர்டிபிகேட்டையோ பிடுங்கி வெச்சிருக்காங்கன்னா அது வேற விஷயம், கடை மேனேஜர கூப்பிடுங்க, இல்ல 112. ஏமாத்தி ஆன்லைன்ல காச வாங்கிட்டாங்கன்னா சைபர் க்ரைம் ஹெல்ப்லைன் 1930க்கு எவ்ளோ சீக்கிரம் அடிக்கிறாங்களோ அவ்ளோ நல்லதுன்னு சொல்லி அனுப்புங்க.

"உங்க வேலைய பாருங்க"ன்னு திட்டினா சரிங்கன்னு வந்துடுங்க. வந்து உங்க காபிய குடிங்க, திரும்பித் திரும்பி மட்டும் பாக்காதீங்க, முழுக்கை சட்டை கவனிச்சிடுவான்.