பாழடைந்த பழைய வீட்டை மீட்கக் காசு சேர்ப்போர் விடும் பிழைகள்

கூரை ஓடும் கதவு நிலையும் கழற்றப்பட்டு, சுவர் மட்டும் நிற்கும் பழைய நாற்சார் வீடுகள் (நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டியவை) இலங்கையின் வன்னியில் இன்னும் உண்டு. அவற்றைக் காப்பாற்றப் புறப்படுகிறவர்கள் ஒரே பிழைகளைத்தான் திரும்பத் திரும்ப விடுகிறார்கள். பற்றுச்சீட்டுக் கொடுங்கள், கணக்கு வையுங்கள் என்பதை இங்கே சொல்லத் தேவையில்லை.

வீடு யாருக்கு உரியது என்று தெளிய முன் காசு வாங்குவது

ஊரில் இருக்கும் பேரன் ஒருவர் "எங்கட வீடுதானே, செய்யுங்கோ" என்பார். அதை நம்பி வட்ஸ்அப் குழுவில் வங்கிக் கணக்கிலக்கம் போடுவார்கள். கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் காசு வரும், கூரை ஏறும். கூரையோடு காணி விலையும் ஏறும். அப்போதுதான் ரொறன்ரோவில் இருக்கும் பங்குகாரர் பிரிவினை வழக்கோடு வருவார். காசு தந்தவர்களுக்கு அந்தக் கூரையில் ஓர் ஓட்டுக்கும் உரிமை இல்லை. பிறகு அந்த ஊரார் எதற்குக் கேட்டாலும் ஒருவரும் தரமாட்டார்கள். இவ்வளவு நட்டத்தையும் தொடக்கத்திலேயே தடுத்திருக்கலாம் என்பதுதான் ஆத்திரம்.

முதலில் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, தேடுங்கள். காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, உறுதிக்காரரிலிருந்து இன்றைய வாரிசுகள் வரை வரிசைப்படுத்துங்கள். பங்குகாரர் எல்லாரும் சேர்ந்து கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு நீண்டகாலக் குத்தகை எழுதட்டும். ஒருவர் மட்டும் எழுதினால் அவருடைய பிரிக்கப்படாத பங்குக்குத்தான் அது செல்லும். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம். வெள்ளைத்தாள் கையெழுத்து உதவாது. வெளிநாட்டில் இருப்பவர் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் ஒப்பமிட இன்னொருவருக்குக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) அனுப்பலாம். குத்தகையைப் பதியாமல் விட்டால், பின்னால் எழுதிப் பதிந்த விற்பனை உறுதி முந்திவிடும். அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் முதலில் பிரதேச செயலகக் காணிப் பிரிவுக்குப் போங்கள்.

படத்துக்காகப் பூச்சு

காசு தந்தவர்களுக்குப் படம் அனுப்ப வேண்டுமென்று முன்சுவரைச் சீமெந்தால் பூசி வர்ணம் அடிக்கிறார்கள். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவர் ஈரத்தை வெளியே விடவேண்டும். சீமெந்து அதை உள்ளே அடைக்கும், உப்புப் பூக்கும், பூச்சு பழைய கல்லையும் இழுத்துக்கொண்டு விழும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் போதும். அதற்கும் முன் கூரை. மாசியில் தொடங்கிப் புரட்டாதிக்குள் மூடுங்கள், ஐப்பசி மாரி காத்திருக்காது. கூரைக்குப் பாலை, முதிரை மரம் வண்டியில் ஏற்றிவர அனுமதிப்பத்திரம் வேண்டும்.

சிரமதானம்

கண்ணிவெடி அகற்றியதை உறுதிப்படுத்தாத வளவுக்குள் ஒரு மண்வெட்டியும் போடாதீர்கள்.

வரிமீளளிப்பைக் கைவிடுவது

பிரித்தானியாவில் வரி கட்டுபவர் அங்கே பதிவுபெற்ற அறக்கொடை நிறுவனம் ஊடாகத் தந்தால், ஒவ்வொரு பவுணுக்கும் 25 பென்ஸை அந்த நிறுவனம் அரசிடமிருந்து மேலதிகமாகப் பெறலாம். தனியார் குடும்ப வீட்டைத் திருத்த இது கிடையாது. நூலகம், முன்பள்ளி போன்ற பொதுப் பயன்பாடு குத்தகையிலேயே எழுதப்பட்டிருந்தால் நிறுவனத்தோடு பேச வழி உண்டு.

திறப்பு விழாவோடு நிற்பது

வீட்டுச் சாவி யார் கையில், மின்கட்டணம் யார் பொறுப்பு, ஆண்டுதோறும் ஆவணியில் உடைந்த ஓடு மாற்றிப் கூரைப் பீலி துப்புரவாக்கக் காசு எங்கிருந்து வரும் என்பதைக் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள். சேரும் காசில் பத்தில் ஒரு பங்கை இதற்கென வேறு கணக்கில் போட்டு, மூவர் கையெழுத்தில்லாமல் எடுக்க முடியாதபடி வங்கியில் ஒழுங்கு செய்யுங்கள்.