பழ ஈக்குப் பார்வை மங்கினால் எந்த மரபணுவைச் சந்தேகிப்பது?

லேபிள் அழிந்துபோன ஒரு குப்பி என் கைக்கு வந்தது. வெள்ளைக் கண் ஈக்கள், ஏதோ ஒரு 'நினா' வகை (ஒளி அணைந்த பின்னும் கண்ணில் நிற்க வேண்டிய மின்னழுத்தம் நிற்காத பிறழ்வு) என்று மட்டும் தெரியும். எந்த மரபணு கெட்டிருக்கிறது என்று பிடித்த வழி இது. ஈ.ஆர்.ஜி. (ஒளி பட்டதும் கண்ணில் எழும் மின்னழுத்தத்தின் பதிவு) எடுக்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் 480 நானோமீட்டர் அருகே பளிச்சென்று நீல ஒளி காட்டி அணையுங்கள். நல்ல ஈயில் அணைத்த பிறகும் மின்னழுத்தம் இறங்காது. 580 அருகே ஆரஞ்சு ஒளி பட்டால்தான் அடங்கும். கண்ணில் ஒளியை உணரும் நிறமியான ரொடாப்சின் குறைந்த ஈயில் அணைத்ததுமே இறங்கிவிடும்.

அடுத்து, வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால் கலந்த உணவில் முட்டையிட விடுங்கள். 25 டிகிரியில் பத்து நாளில் புது ஈக்கள் வரும். அவை தேறிவிட்டால், அதாவது அணைத்த பிறகும் மின்னழுத்தம் நின்றால், வைட்டமின் ஏ தயாரிப்பில்தான் கோளாறு. தேறாவிட்டால் ரொடாப்சினின் புரதப் பகுதியான ஆப்சினைத் தரும் நினா-இ பக்கம் போங்கள். ரெட்டினால் வெளிச்சத்தில் கெட்டுவிடும். எத்தனாலில் கரைத்து, மங்கலான சிவப்பு விளக்கில் கலந்து, குப்பிக்கு அலுமினியத் தாள் சுற்றுங்கள். திறந்து பல மாதமான புட்டியை நான் தொடவே மாட்டேன்.

என் ஈக்கள் தேறின. அப்படியானால் உணவிலிருந்து வைட்டமின் ஏ-யின் மூலப்பொருளான கரோட்டினாய்டை உறிஞ்ச உதவும் நினா-டி, அல்லது அதை வெட்டி ரெட்டினாலாக்கும் நொதியான நினா-பி. இரண்டுமே ஒடுங்கு பண்புகள்; மரபணுவின் இரு பிரதியும் கெட்டால்தான் கோளாறு தெரியும். தெரிந்த நினா-பி, நினா-டி ஈக்களோடு தனித்தனியே கலப்பு செய்து, சாதாரண உணவிலேயே வளருங்கள். எந்தக் கலப்பில் குட்டிகள் தேறவில்லையோ, குற்றவாளி அந்த மரபணு. இரண்டிலும் தேறினால் சாண்டா மரியா என்ற மரபணுவைப் பாருங்கள்.

நான் சறுக்கியது இங்கேதான். என் வெள்ளைக் கண் பெண்களோடு கலக்க வாங்கிய நினா-பி ஆண்களுக்குச் சிவப்புக் கண். வெள்ளைக் கண் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் மகன்களுக்கு வெள்ளை, மகள்களுக்குச் சிவப்பு. மகள்களை மட்டும் பதிவு செய்துவிட்டு 'நினா-பி!' என்று துள்ளினேன். சிவப்பு நிறமி நீல ஒளியைக் குடித்துவிட்டது, அவ்வளவுதான். மகன்களை வைத்துப் பார்த்தால் அழுத்தம் இறங்காமல் ஜம்மென்று நிற்கிறது. கடைசியில் அது நினா-டி. ஆகவே இரண்டு பக்கமும் வெள்ளைக் கண் ஈக்களாக இருப்பது நல்லது.

பின்சேர்க்கை: ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ஈக்களை வைட்டமின் ஏ இல்லாமல் வளர்த்தும் பார்வை மங்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். விசாரித்தால், உணவில் மஞ்சள் மக்காச்சோள மாவு! கரோட்டினாய்டு அதிலேயே இருக்கிறது. ஈஸ்ட், சர்க்கரை, அகர் மட்டும் போடுங்கள்.