ஊருக்குக் கொண்டுபோகும் மின்சாமான்: பெட்டி கட்டுமுன் ஒரு சின்னக் கணக்கு

ரொறன்ரோவிலிருந்து ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் சொக்லேற், சோப்பு, சென்ற் போத்தலுக்கு நடுவே ஒரு மின்சாமானாவது இருக்கும். ஹெயர் ட்றையர், முடி சுருட்டும் கம்பி, இல்லாவிட்டால் அம்மம்மாவுக்கென்று மலிவு விற்பனையில் வாங்கிய ரைஸ் குக்கர். பிளக் பொருந்துமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு ஒரு சின்ன அடப்டர் போதும். ஆனால் அந்த அடப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டுந்தான் மாற்றும், வோல்ற்றை மாற்றாது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வருவது 120 வோல்ற், இலங்கையில் 230. லண்டன், பாரிஸ், சூரிச், ஒஸ்லோவிலிருந்து போகிறவர்களுக்கு இந்தத் தலையிடி இல்லை, அங்கேயும் 230தான்.

சாமானின் அடியிலோ பிடியிலோ பொடி எழுத்தில் ஒரு லேபிள் இருக்கும். அதில் 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ் (கரண்ட் ஒரு செக்கனில் எத்தனை தரம் முன்னும் பின்னும் ஆடுகிறது என்ற எண்ணிக்கை) என்று இருந்தால் பேசாமல் கொண்டுபோங்கள். போன், லப்டொப், கமரா சார்ஜர்கள் பெரும்பாலும் இப்படித்தான். நித்திரையில் மூச்சுக்காகப் பூட்டும் மெஷின் வைத்திருக்கும் பெரியவர்கள் அதன் பவர் அடப்டரையும் ஒருதரம் பார்க்க வேண்டும். பயணத்துக்கென்று விற்கும் சில ட்றையர்களில் 125, 250 என்று மாற்றும் சின்னச் சுவிட்ச் இருக்கும். அதைத் திருப்பிய பிறகே பிளக்கில் செருகுங்கள்.

120 வோல்ற் என்று மட்டும் இருந்தால் கணக்குப் பார்க்க வேண்டியதுதான். ஒரு ட்றையரில் 120 வோல்ற், 12.5 அம்பியர் என்று இருக்கிறது என்று வைப்போம். அம்பியர் என்பது ஓடும் கரண்டின் அளவு. இரண்டையும் பெருக்கினால் அதன் வலு: 1500 வாற்ஸ். வோல்ற்றை அம்பியரால் பிரித்தால் அதன் தடை, அதாவது கரண்டை அது எவ்வளவு மறிக்கிறது என்ற அளவு: 9.6 ஓம். இந்தத் தடை உள்ளே இருக்கும் சூடாகும் கம்பியின் குணம். யாழ்ப்பாணத்தில் செருகினாலும் அது ஏறக்குறைய அதே 9.6 ஓம்தான். இப்போது 230ஐ 9.6ஆல் பிரியுங்கள். கிட்டத்தட்ட 24 அம்பியர் வரும். 230ஐ 24ஆல் பெருக்கினால் 5500 வாற்ஸ். வோல்ற் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, சூடு மூன்றரை மடங்குக்கு மேல் போய்விட்டது. வோல்ற் ஏறும்போது கரண்டும் சேர்ந்தே ஏறுவதால் வரும் வினை இது. அதிர்ஷ்டம் இருந்தால் பியூஸ் போகும், இல்லாவிட்டால் ட்றையரிலிருந்து புகை வரும்.

இந்தப் பிரித்தல் கணக்கு சூடாக்கும் சாமான்களுக்கு மட்டுமே. சார்ஜரின் லேபிளை வைத்துத் தடை பார்ப்பதில் பிரயோசனம் இல்லை, அது தனக்குத் தேவையான கரண்டைத் தானே கட்டுப்படுத்தி எடுத்துக்கொள்ளும்.

ட்ரான்ஸ்போமர் வைத்து 230ஐ 120 ஆக்கலாமே என்பார்கள். ஆக்கலாம். ஆனால் 1500 வாற்ஸ் தாங்கும் ட்ரான்ஸ்போமரின் பாரத்துக்கு ட்றையரை விட்டுவிட்டுப் போகலாம். அதோடு அது ஹேர்ட்ஸை மாற்றாது. கனடாவில் 60, ஊரில் 50; ஆகவே பிளக்கில் செருகும் பழைய மணிக்கூடுகளில் சில மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். என்னைக் கேட்டால், அம்மம்மாவின் ரைஸ் குக்கரை யாழ்ப்பாணத்தில் இறங்கிய பிறகே வாங்குங்கள். பழுதானால் திருத்தவும் அங்கேயே ஆள் இருக்கும்.

230 வோல்ற் நாடுகளிலிருந்து போகிறவர்களும் வீட்டுச் சுவரை ஒருக்கால் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் வட்டத் துளையுள்ள 5 அம்பியர் பிளக் பொயின்ற்தான் அதிகம். 230ஐ ஐந்தால் பெருக்கினால் 1150 வாற்ஸ், அதுதான் அதன் எல்லை. 1000 வாற்ஸ் அயன் தாங்கும். 2000 வாற்ஸ் கேத்தல் 8.7 அம்பியர் இழுக்கும், தாங்காது. லண்டனில் உள்ளது போன்ற சதுரத் துளை 13 அம்பியருக்கானது, ஏறத்தாழ 3000 வாற்ஸ் வரை சரி. ஆனால் ஒரே மல்ரி பிளக்கில் அந்தக் கேத்தலையும் 1200 வாற்ஸ் அயனையும் சேர்த்துப் போட்டால் எல்லை தாண்டிவிடும். பேனையால் மேல் துளையைக் குத்தித் திறந்து இரண்டு கால் பிளக்கைச் செருகும் பழக்கம் ஊரில் உண்டு. பிளக் இறுகி நிற்காமல் பொறி பறக்கும், அதை நீங்களும் பழகிக்கொள்ள வேண்டாம்.

பின்னேரங்களில் எல்லா வீட்டிலும் லைற்றும் ஃபானும் ஓடும்போது சில கிராமங்களில் வோல்ற் இறங்கும். 200 வோல்ற்றுக்கு இறங்கினால் அதே 2000 வாற்ஸ் கேத்தல் 1500 வாற்ஸ் அளவில்தான் வேலை செய்யும். தேத்தண்ணி பிந்துகிறதென்று கேத்தலைக் குறை சொல்லாதீர்கள்.

திரும்பி வரும்போது ஊர்க் கேத்தலைக் கனடாவுக்குக் கொண்டுவந்தால் ஆபத்தில்லை, ஆனால் 550 வாற்ஸ்கூட வராது, தண்ணீர் கொதிக்க நாலு மடங்கு நேரம் எடுக்கும். கிரைண்டர் அப்படியல்ல. மோட்டருக்கு வோல்ற் போதாவிட்டால் மாவைச் சுற்ற முடியாமல் நின்று சூடேறிக் கருகிவிடும். அதை மட்டும் ஊரிலேயே விட்டுவிட்டு, 120 வோல்ற்றில் ஓடுவதை இங்கே தேடி வாங்குங்கள்.