கல்லைத் தொடுறது எத்தனை? பாத்றூம் பேசின் மேடையை ஒழுங்காக்கும் விதம்

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உள்ள எங்கள் வீட்டைத் திருத்தியபோது, பேசினைச் சும்மா சுவரில் கொழுவாமல் கல்மேடை போட்டு அதில் பதிக்க வேண்டும் என்று அடம்பிடித்தது நான்தான். 4 அடி நீளம், 22 அங்குல அகலம், வெள்ளைக் கல். மேசன் வேலை முடித்துப் போன அன்று முகம் தெரியுமளவுக்கு மினுங்கியது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் அது திருநெல்வேலிச் சந்தை. முடிந்தும் முடியாத பற்பசை, இவருடைய ஷேவிங் சாமான், மகளின் கிளிப்புகள், மாமியின் சித்தாலேப டப்பா, யாருடையது என்று எவருக்கும் தெரியாத இரண்டு கிறீம் போத்தல். ஒவ்வொன்றையும் தூக்கினால் அடியில் ஒரு வெள்ளை வட்டம்.

அலங்காரச் சாமான் வாங்கித்தான் இதைச் சரிக்கட்ட வேண்டும் என்று நினைத்து நான் காசு செலவழித்தேன். தேவையில்லாத செலவு. எங்களுடைய ஊர்த் தண்ணிக்கு எண்ண வேண்டியது ஒன்றைத்தான்: கல்லைத் தொட்டுக்கொண்டு நிற்கிற சாமான் எத்தனை? அந்த எண்ணிக்கை குறையக் குறைய மேடை தானாக வடிவாகும்.

1. எல்லாவற்றையும் வெளியே எடுங்கோ

விறாந்தையில் ஒரு பாயை விரித்து முழுவதையும் அதில் அடுக்குங்கோ. என் மேடையில் 31 சாமான் இருந்தது. ஒவ்வொரு நாளும் கை போனது 9இல் மட்டும். மிச்சத்தை எங்கே வைப்பது என்று நான் சொல்லித் தரத் தேவையில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மருந்துக் குளிசைகளை பாத்றூமுக்குள் திரும்பக் கொண்டுபோக வேண்டாம். ஈரமும் வெக்கையும் அவற்றைக் கெடுக்கும். அறை அலுமாரியில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வையுங்கோ.

2. வெள்ளைப் படிவை எடுப்பது (இங்கேதான் நான் விழுந்தேன்)

குடாநாட்டின் கீழே முழுக்கச் சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணி அதற்குள்ளால் இறங்கும்போது கல்லைக் கொஞ்சங் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டுவதும், சவர்க்காரம் நுரைக்கப் பஞ்சிப்படுவதும் இதனால்தான். மேடையில் நிற்கும் ஒரு துளி காய்ந்தால் தண்ணி போய்விடும், சுண்ணாம்பு தங்கிவிடும். போத்தலின் அடியில் தண்ணி சிறைப்பட்டு நின்று மெதுவாகக் காய்வதால் வட்டம் வட்டமாகப் படிகிறது. இரசாயனப் பெயர் கல்சியம் காபனேற்று. புளி பட்டால் கரையும்.

அது எனக்குத் தெரியும். உயர்தரத்தில் படித்ததுதானே! ஒரு நாள் இரவு இரண்டு தேசிக்காயைப் பிழிந்து, சவர்க்காரப் பெட்டி இருந்த இடத்தில் ஊற்றிவிட்டுப் படுத்தேன். காலையில் வெள்ளை வட்டம் இல்லை. அந்த இடத்தில் கல்லின் மினுக்கமும் இல்லை. உள்ளங்கையளவில் மங்கிப்போய், தடவினால் சொரசொரவென்றிருந்தது.

மாமி எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "என்ன பிள்ளை, கல்லுக்கு ஊறுகாய் போட்டனியோ?"

காரணம் இதுதான். நான் கிறனைற் என்று நினைத்திருந்த கல் மாபிள். மாபிளும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். படிவைக் கரைத்த புளி, படிவு முடிந்த பிறகு கல்லையும் தின்றுவிட்டது. அழுக்கும் கல்லும் ஒரே சாதி என்றால் புளிக்கு வித்தியாசம் தெரியாது.

ஆகவே நீங்கள் முதலில் செய்ய வேண்டியது சோதனை. கண்ணில் படாத ஒரு மூலையில், சுவரோரமாக, ஒரேயொரு துளி தேசிப்புளி விடுங்கோ. ஐந்து நிமிடம் பொறுத்துத் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தைச் சரிவாக அடித்துப் பாருங்கோ. சின்னக் குமிழி வந்தாலோ, அந்த இடம் மங்கினாலோ அது மாபிள். ஒன்றும் நடக்காவிட்டால் கிறனைற்றாகவோ ரைல்ஸாகவோ இருக்கலாம்.

கிறனைற், ரைல்ஸ் என்றால்: வினாகிரி ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு. பழந்துணியை நனைத்துப் படிவின்மேல் 10 நிமிடம் போட்டுவிட்டுத் தேய்த்து, நல்ல தண்ணியால் இரண்டு தரம் கழுவுங்கோ. ரைல்ஸின் இடைவெளியில் பூசிய சீமெந்தில் புளியை ஊறவிடாதேங்கோ, அதுவும் அரிபடும். ரப்பின் வாயில் கட்டின பொருக்குக்கு அதே துணியைச் சுற்றி வைக்கலாம், ஆனால் கால் மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம், மேற்பூச்சு கெடும்.

மாபிள் என்றால் புளி, வினாகிரி இரண்டையும் மறந்துவிடுங்கோ. கோப்பை கழுவும் திரவத்தை இளஞ்சூட்டுத் தண்ணியில் கலந்து துணியில் ஊறப் போட்டு, பழைய போன் காட் போன்ற பிளாஸ்ரிக் துண்டைப் படுக்கையாகப் பிடித்து மெல்லச் சுரண்டுங்கோ. ஒரே நாளில் போகாது. எனக்கு நாலு நாள் எடுத்தது. இரும்புத் தும்பால் தேய்த்தால் கீறல்தான் மிஞ்சும்.

எந்தக் கல்லாக இருந்தாலும் இரண்டு விஷயம். கழிவறைக் கோப்பைக்கு ஊற்றும் அமிலத் திரவம் மேடைக்கு உரியதல்ல. வினாகிரி போட்ட இடத்தில் பிளீச்சை ஊற்றக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், யன்னல் சிறிதான எங்கள் பாத்றூம்களில் அது விளையாட்டில்லை.

3. ஒரு காலைக்குப் பேப்பர் விரியுங்கோ

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, எனக்குப் பெருமைதான். சுத்தமாக்கிய மேடையில் பழைய உதயன் பேப்பரை விளிம்பு வரை விரித்து ஒட்டிவிட்டு, வீட்டு ஆட்கள் எல்லாரும் வழமைபோல முகம் கழுவிப் பல் விளக்கும் வரை பேசாமல் இருங்கோ. யாருக்கும் முன்கூட்டிச் சொல்லாதேங்கோ, சொன்னால் நல்லபிள்ளைகளாகக் கழுவுவார்கள்.

பள்ளிக்கூடம், கந்தோர் எல்லாம் போன பிறகு பேப்பர் எங்கே நனைந்திருக்கிறது என்று பாருங்கோ. எங்கள் வீட்டில் வலது பக்கம் கூழாகிக் கிடந்தது. இவர் ஷேவிங் பிளேற்றை அந்தப் பக்கம்தான் உதறுவார். இடது பக்கச் சுவரோரம் ஒரு அடி அகலத்துக்குப் பேப்பர் மொறுமொறுவென்று இருந்தது. நானோ அந்த ஈரப் பக்கத்தில்தான் இவ்வளவு நாளும் பூச்சாடி வைத்து அழகுபார்த்திருக்கிறேன்.

பென்சிலால் ஈரத்தின் எல்லையைக் கல்லில் மெல்லக் குறித்துக்கொள்ளுங்கோ. அந்தக் கோட்டுக்கு உள்ளே எதுவும் கல்லைத் தொடக் கூடாது.

4. தூக்கி நிறுத்துவது

ஈரப் பக்கத்துக்கு நல்லது சுவர்தான். பிரஷ், பற்பசை, ஷேவிங் சாமான் மூன்றையும் சுவரில் கொழுவும் தாங்கிக்கு மாற்றினேன். அடியில் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குங்கோ. பிரஷுக்கு மூடி போடாமல் நிமிர்த்திக் காயவிடுவதே நல்லது.

சுவரில் துளைபோடுகிறவர்களுக்கு: ரைல்ஸுக்கென்று விற்கும் ஈட்டிமுனை பிற்றைக் கேளுங்கோ. துளைக்கும் இடத்தில் மாஸ்கிங் ரேப்பைக் குறுக்காக ஒட்டினால் முனை வழுக்காது. ட்றில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டு மெதுவாகச் சுற்றவிடுங்கோ, ரைல்ஸைத் தாண்டிய பிறகு வேண்டுமானால் போடலாம். ரப்புக்கு நேர் மேலேயும் கீழேயும் துளைக்க வேண்டாம், பைப் அதற்குள்ளால் ஓடக்கூடும். ஒட்டுப் பசைக் கொழுக்கிகளை நான் நம்புவதில்லை. மூன்று வாங்கினேன், மூன்றும் ஒவ்வொரு இரவாக விழுந்து ஆளை எழுப்பின.

மேடையில் நிற்கத்தான் வேண்டும் என்ற சாமான்களை (எனக்கு நாலு) ஒரே தட்டில் ஏற்றுங்கோ. நாலு சாமான் கல்லைத் தொட்ட இடத்தில் இப்போது ஒரு தட்டுத்தான் தொடும். தட்டு என்ன தட்டு என்பதில் எனக்குக் கடுமையான அபிப்பிராயம் உண்டு. மரத்தட்டு மாரியில் ஊதும். பித்தளை பச்சை பிடிக்கும், புளி போட்டு மினுக்கும் வேலை வேறு. சுட்ட மண்தட்டு தண்ணியை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். வீட்டில் சோடி தவறிக் கிடக்கும் பழைய பீங்கான் ஒன்றே போதும். அதைக் கவிழ்த்து, அடி வளையத்தில் அலுமாரிக் கதவுகளுக்கு ஒட்டும் சிலிக்கன் பொட்டு நாலை ஒட்டி, நிமிர்த்தி வையுங்கோ. கீழே காற்று ஓடும், தண்ணி சிறைப்படாது. நான் முதலில் பொட்டில்லாமல் வைத்தேன். ஒரு கிழமையில் சின்ன வட்டங்களுக்குப் பதிலாகப் பெரிய வட்டம் ஒன்று வந்தது!

சவர்க்காரத்துக்குப் பெட்டியே வேண்டாம். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காய்க் கூட்டை ஒரு அங்குலத் தடிப்பில் வெட்டி, பீங்கானில் வைத்து அதன்மேல் சவர்க்காரத்தை வையுங்கோ. தண்ணி கீழே வடிந்துவிடும், சவர்க்காரம் கரையாது. கூடு கறுத்தால் எறிந்துவிட்டு அடுத்ததை வெட்டலாம்.

5. இப்போதுதான் அலங்காரம்

காய்ந்த பக்கத்தில் ஒரு பனையோலைப் பெட்டி. சீப்பு, கிளிப், பஞ்சு எல்லாம் அதற்குள். நல்லூர்த் திருவிழாக் கடைகளிலோ பனை அபிவிருத்திச் சபையின் கற்பகம் கடையிலோ வாங்கலாம். சாயம் போடாத வெள்ளோலைப் பெட்டியாகப் பாருங்கோ. சிவப்பும் ஊதாவுமாகப் பின்னியது வடிவுதான், ஆனால் ஈரம் பட்டால் சாயம் இறங்கும், வெள்ளைக் கல்லில் அது சும்மா போகாது. மாரி காலத்தில் ஓலையில் பூஞ்சணம் பிடிக்கும். வெயில் எறிக்கிற நாளில் முற்றத்தில் காயவைத்து எடுங்கோ.

பச்சையாக ஒன்று வேண்டும் என்றால் மணிபிளான்ற். எல்லாரும் கண்ணாடிப் போத்தலில் தண்ணி விட்டு வைப்பார்கள். நான் சின்னச் சாடியில் மண்ணில்தான் வைத்திருக்கிறேன், டெங்குப் பயம். தேங்கிய நல்ல தண்ணியில் நுளம்பு முட்டையிட்டுப் பறக்க ஒரு கிழமை பத்து நாள் காணும். போத்தலில்தான் வளர்ப்பேன் என்கிறவர்கள் கிழமைக்கு ஒரு தரமாவது தண்ணியை ஊற்றிவிட்டு உட்சுவரையும் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை சுவரில்தான் ஒட்டியிருக்கும்.

பெட்டி, செடி, பீங்கான். மூன்றோடு நிறுத்திவிட்டேன். மகள் கசூரினாக் கடற்கரையில் பொறுக்கிய சிப்பிகளை நாலாவதாக வைக்கக் கேட்டாள். பீங்கானுக்குள் இரண்டு வைக்க விட்டேன், கல்லில் இல்லை.

6. 20 விநாடி

இவருடைய பழைய சாறத்தைக் கிழித்து மூன்று துண்டாக்கி, ஒன்றைப் பேசினுக்குப் பக்கத்துக் கொழுக்கியில் போட்டிருக்கிறேன். கடைசியாகக் கழுவுகிறவர் மேடையைத் துடைக்க வேண்டும், 20 விநாடி வேலை. கடையில் விற்கும் மைக்ரோபைபர் துணியும் வாங்கிப் பார்த்தேன், பருத்திச் சாறத்துக்குக் கிட்டவும் நிற்காது. சட்டம் போட்ட நானே கந்தோருக்குப் பிந்துகிற நாளில் துடைப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு சேர்த்தவை (வாசித்தவர்கள் எழுதிக் கேட்டவற்றுக்குப் பதில்)

*மேடையே இல்லை, தூணில் நிற்கும் பேசின்தான்* என்று மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். உங்களுக்குச் சுத்தம் செய்யும் வேலை குறைவு. கண்ணாடிக்குக் கீழே 5 அங்குல அகலத்தில் ஒரு தட்டை அடித்துவிட்டு 4ஆவது படியிலிருந்து தொடங்குங்கோ. வாடகை வீடு, துளைபோட விடமாட்டார்கள் என்றால், காலுள்ள ஒடுக்கமான இரண்டு தட்டு ஸ்ராண்ட் ஒன்றைப் பேசினுக்குப் பக்கத்தில் வையுங்கோ. கால்கள் துருப்பிடிக்காததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளை வட்டத்துக்குப் பதிலாகக் காவி வட்டம் தரையில் வரும்.

*சுவரும் கல்லும் சேரும் இடத்தில் கறுப்புக் கோடு, எதைப் போட்டாலும் போகவில்லை.* அது அழுக்கில்லை, சிலிக்கனுக்குள் இறங்கிய பூஞ்சணம். பழைய சிலிக்கனைப் பிளேற்றால் முழுதாக வெட்டி எடுங்கோ. மேலும் கீழும் மாஸ்கிங் ரேப் ஒட்டி, பூஞ்சண எதிர்ப்பு என்று போட்டிருக்கும் சிலிக்கனை இழுத்து, சவர்க்காரத் தண்ணியில் தோய்த்த விரலால் ஒரே இழுவையில் தடவி, உடனே ரேப்பை உரியுங்கோ. நான் முதல் தரம் சரியாகக் காயாத இடத்தில் பூசினேன், பத்து நாளில் தோலாக உரிந்து வந்தது. ஒரு முழு நாள் காயவிட்டுப் பூசுங்கோ. பூசியபின் இன்னொரு நாள் பேசின் பக்கம் யாரையும் விடாதேங்கோ. இதற்கு ஏற்ற நேரம், வீட்டார் எல்லாரும் கலியாணவீடு எங்காவது போகிற நாள்.

*மாமியின் விபூதித் தட்டம் எங்கே?* கூர்மையான கண் உங்களுக்கு. முன்பு நான் போட்ட மேடைப் படத்தில் இருந்தது, ஒழுங்காக்கிய பிறகு போட்டதில் இல்லை. மேடையில் ஈரம் பட்டு விபூதி கட்டியாகிக்கொண்டிருந்தது. இப்போது கதவுக்கு வெளியே சின்ன மாடத்தில் இருக்கிறது. மாமி சொன்னது: "இதை முதலே செய்திருக்கலாமே பிள்ளை."

*மங்கின கல் என்னவாயிற்று?* கடைசியாக இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். துடைத்துப் போகாது, மெருகு போடும் மெசினும் பொடியும் கொண்டு ஆள் வந்து தேய்க்க வேண்டும். இரண்டு பேருக்குச் சொல்லிவைத்தேன், உள்ளங்கையளவு வேலைக்கு வர இருவருக்கும் விருப்பமில்லை. இப்போதைக்கு அந்த இடத்தின்மேல்தான் பீங்கான் நிற்கிறது.