வாசலையே பார்த்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தமா? முதல் சந்திப்பும் உடல்மொழியும்

போன வருடம் வேலூர் காந்தி ரோடு பக்கம் ஒரு காபிக் கடையில் ஒரு பெண்ணை முதல்முறையாகச் சந்தித்தேன். மூன்று வாரம் போனில் மணிக்கணக்காகப் பேசியவர், நேரில் வந்ததும் கையைக் கட்டிக்கொண்டு, நிமிடத்துக்கு ஒருமுறை வாசலைப் பார்த்து, காபியை அவசரமாகக் குடித்தார். என்னைப் பிடிக்கவில்லை என்று நானே முடிவு கட்டி, இருபது நிமிடத்தில் "கிளம்பலாமா?" என்று கேட்டுவிட்டேன். இரவு மெசேஜ் வந்தது: "எங்க பெரியப்பா கடை அதே தெருவுலதான். வந்துடுவாரோன்னு பயந்துட்டே இருந்தேன். நீங்க ஏன் அவ்ளோ சீக்கிரம் கிளம்பிட்டீங்க?"

அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். நேரத்துக்குப் போவது, துணி, செருப்பு எல்லாம் உங்களுக்கே தெரியும்.

படி 1: இடம்

என்னைக் கேட்டால் கோட்டைதான், அதுவும் மாலை ஐந்து மணிக்கு மேல். கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் இன்டர்வியூ மாதிரி ஆகிவிடும். அகழியோரம் நடக்கும்போது முகத்தையே பார்க்கவேண்டிய கட்டாயம் இல்லை, பேச்சு நின்றால் ஜலகண்டேஸ்வரர் கோயிலும் 1806 சிப்பாய்ப் புரட்சியும் இருக்கின்றன, சுற்றிலும் ஆள் நடமாட்டம் இருப்பதால் அவருக்கும் தைரியம். மே மாத மதியம் மட்டும் வேண்டாம். வேலூர் வெயிலில் நெளிவதைத் தயக்கம் என்று தப்பாகப் படித்துவிடுவீர்கள். கடைதான் என்றால் எந்த நாற்காலி என்பதை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.

படி 2: பத்து நிமிடம் சும்மா கவனியுங்கள்

துப்பட்டா நுனியைத் திருகுவது சிலருக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். அவருடைய இயல்பு எது என்று முதலில் தெரிந்தால்தான் பிறகு வரும் மாற்றம் கண்ணில் படும்.

படி 3: காரணத்தை முதலில் இடத்தில் தேடுங்கள்

நான் சறுக்கியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கையைக் கட்டியிருந்தால் ஏசி காற்று நேராக அவர்மேல் அடிக்கிறதா பாருங்கள். அடிக்கடி போனைப் பார்த்தால் "எங்கே இருக்க?" என்று அம்மா கேட்டிருக்கலாம், குடியாத்தம் பஸ்ஸைப் பற்றிய கவலையாகவும் இருக்கலாம். வாசலைப் பார்ப்பது பெரும்பாலும் தெரிந்தவர்கள் பயம். நம்ம ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் ஒரு சித்தப்பாவோ கூடப் படித்தவரின் அண்ணனோ வந்துவிடுவார், அந்தச் செய்தி வீட்டுக்குப் போனால் திட்டு வாங்கப்போவது அந்தப் பெண்தான், நீங்கள் இல்லை.

இப்போதெல்லாம் நான் ஊகிப்பதே இல்லை. "இந்த இடம் சரியா இருக்கா, வேற எங்கயாவது போலாமா?" என்று கேட்டுவிடுகிறேன். காரணம் இடம்தான் என்றால், மாறி உட்கார்ந்ததுமே தோள் தளரும், பதில் நீளும், உங்களிடம் திருப்பிக் கேள்வி வரும். இடம் மாறியும் அதே இறுக்கம் என்றால் அவருக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொண்டு மரியாதையாக முடித்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஒற்றை அடையாளத்தை நம்பாதீர்கள்

கண்ணோரம் சுருங்கச் சிரிப்பது, உடம்பு உங்கள் பக்கம் திரும்பியிருப்பது, பேச்சை அவரே வளர்ப்பது, மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தோஷம். சிரிப்பு மட்டும் போதாது, நம் பெண்கள் சங்கடத்திலும் சிரிப்பார்கள். "பேச்சில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்தான்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அது ஆல்பர்ட் மெஹ்ரேபியன் என்ற உளவியலாளர் 1967-இல் தனித்தனிச் சொற்களையும் குரலையும் முகபாவத்தையும் வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த எண், எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். வாயால் "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். "பார்க்கலாம்", "அப்புறம் சொல்றேன்" என்று இழுப்பதும் பெரும்பாலும் அதேதான்.

படி 5: பதிலுக்கு நீங்கள் செய்யவேண்டியது

அவர் ஒரு சாண் பின்னால் நகர்ந்தால் நீங்களும் நகருங்கள். கையைத் தொடவேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள். பதில் வராமல் அமைதியாக இருந்தால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிற்சேர்க்கை: ராணிப்பேட்டையிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார், "கிளம்பணும்னு எப்படிக் காட்டினாலும் அவருக்குப் புரியவே இல்லை அண்ணா" என்று. இதை நான் விட்டுவிட்டேன், மன்னிக்கவும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வது, "சரி… அப்புறம்…" என்று நிறுத்துவது, நேரத்தைப் பார்ப்பது, இதில் இரண்டைப் பார்த்தாலே "லேட் ஆகுதா, கிளம்பலாமா?" என்று நீங்களே எடுத்துக்கொடுங்கள். இன்னொருவர், தான் கூச்ச சுபாவம், யார் கண்ணையும் பார்த்துப் பேசமாட்டேன் என்றார். அப்படிப்பட்டவர்களுக்கு இரண்டாம் படிதான் முக்கியம், பார்வையை வைத்து எடைபோடாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டு வரை கூட வரட்டுமா என்றும் கேட்டுவிட்டே போங்கள், பெரியப்பா கடை அந்த வழியில் இருக்கலாம். வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் "பத்திரமா போயிட்டீங்களா?" என்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்புங்கள். பதில் வரும்வரை அடுத்தது வேண்டாம்.