வாங்குவது விறகா, தண்ணீரா? மர எரிபொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நம் குமரி மாவட்டத்தின் திருவட்டார், குலசேகரம் பக்கத்து அடுக்களைகளில் ஒரு சத்தம் கேட்கும். அடுப்பில் வைத்த ரப்பர் விறகின் வெளிமுனையில் நுரை கட்டி, 'சுஸ்' என்று கொதித்துச் சொட்டும். ஊதுகுழலை ஊதி ஊதி அம்மாவின் கண் சிவந்துபோகும். தாவர எரிபொருளில் நாம் செய்யும் முதல் தவறு அந்த நுரையில் இருக்கிறது. மற்ற தவறுகளில் பாதி அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். நன்கு காய்ந்த விறகில் அது 15 முதல் 20 சதவீதம்தான். போன வருஷம் தை மாதம் ரப்பர் மரம் முறித்த இடத்திலிருந்து விறகு இறக்கினேன். இரண்டு கிலோ இருந்த ஒரு கீற்றை, அதாவது பிளந்த துண்டை, தனியாக எடுத்து, கயிறு கட்டி அடையாளம் வைத்தேன். சித்திரையில் எடுத்து நிறுத்தபோது ஒரு கிலோ 200 கிராம். மிச்சம் 800 கிராமுக்கும் நான் விறகு விலைதான் கொடுத்திருந்தேன்.

காசு நஷ்டத்தைவிடச் சூட்டு நஷ்டம் பெரிது. காய்ந்த விறகு கிலோவுக்குச் சுமார் 3,500 கிலோ கலோரி தரும். பாதி தண்ணீரான பச்சை விறகிடமிருந்து 2,000 கிடைத்தால் அதிகம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே சுமார் 540 கிலோ கலோரி வேண்டும். அந்தச் சூடு சோற்றுப்பானைக்குப் போகாமல் புகையோடு போய்விடுகிறது.

மற்ற ஊர்களில் விறகைப் போட்டு வைத்தால் தானே காயும். இங்கே அப்படி விடமுடியாது. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை. தை முதல் பங்குனி வரை உள்ள வெயிலைத் தவறவிட்டால் அந்த வருஷம் முழுக்கப் புகைதான். உருட்டாகவே விட்டால் உள்ளே காயாது. மணிக்கட்டுத் தடிமனுக்குக் கீறிப் போட வேண்டும். மண்ணில் வைத்தால் கறையான் ஏறும், ஈரமும் ஏறும். கீழே செங்கல் அடுக்கி அதன்மேல் வையுங்கள். அடுத்த தவறு தார்ப்பாய். நனையாமல் இருக்கட்டும் என்று நான்கு பக்கமும் சுற்றிக் கட்டுகிறோம். விறகிலிருந்து கிளம்பும் ஈரத்துக்குப் போக வழி இல்லாமல் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கிறது. மேலே மட்டும் மூடி, காற்று வரும் பக்கங்களைத் திறந்து விடுங்கள். வீட்டுச் சுவரோடு ஒட்டி அடுக்காதீர்கள். விரியன் பாம்புக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கீற்றைத் தட்டினால் போதும். பச்சை 'தொப்' என்னும், காய்ந்தது 'டங்' என்று கணீரென்னும். வெட்டுமுகத்தில் விரிசலும் ஓடியிருக்கும்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது ரப்பரும் தென்னையும் சாய்ந்து கிடந்த விளைகளை, அதாவது தோட்டங்களை, நாம் பார்த்தோம். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம் என்பதால் பூஞ்சையும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். மழையில் கிடந்து மக்கிய மரம் பிறகு காய்ந்தாலும் பழைய சூடு தராது. எரிய வேண்டிய பொருளைப் பூஞ்சை முன்னமே தின்றிருக்கும்.

இனி எரிப்பது. காய்ந்த மரத்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சூடேறியதும் வாயுவாகப் பிரிகிறது. நாம் பார்க்கும் சுவாலை அந்த வாயு எரிவதுதான். காற்றும் சூடும் போதாதபோது அது எரியாமல் புகையாக வெளியேறும். ஆகவே புகை என்பது நாம் எரிக்காமல் விட்ட எரிபொருள். அடுப்பின் வாய் நிறைய விறகைத் திணிப்பது இதனால்தான் தவறு. மூன்று கீற்றை இடைவெளி விட்டு வைத்தால் ஆறு கீற்றைத் திணித்ததைவிட நன்றாக எரியும். புகைபோக்கி கூரையின் உச்சியைத் தாண்டி நிற்கவேண்டும். ஆரல்வாய்மொழி கணவாய்க் காற்று பாயும் ஊர்களில் குட்டையான குழாய் வைத்தால் காற்று புகையைத் திரும்ப அடுக்களைக்குள்ளேயே தள்ளிவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை பெற்ற வீட்டில் கங்குச் சட்டியை உள்ளே வைத்துச் சாம்பிராணி போடுவோம், குளிருக்கு இதம் என்று ஜன்னலையும் சாத்துவோம். புகையில்லாத கங்குதானே என்று நினைக்க வேண்டாம். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் அது உயிரைப் பறிக்கும். கங்கு வைத்தால் ஜன்னல் திறந்திருக்கவேண்டும், தூங்குமுன் சட்டி வெளியே போகவேண்டும்.

தீ மூட்ட பிளாஸ்டிக் கவரும் டயர்த் துண்டும் வேண்டாம். காய்ந்த ஓலையும் கொதும்பும் (தென்னம்பாளை மடலும்) நம் முற்றத்திலேயே கிடக்கின்றன. பெயின்ட் அடித்த கதவுச் சட்டம், பிளைவுட் துண்டு, மருந்து ஏற்றிய ரப்பர் பலகை இவற்றையும் அடுப்பில் வைக்காதீர்கள். சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) சாம்பல் மிகக் குறைவு, சூடும் அதிகம். கரிக்கு நல்ல விலை போகும் பொருள் அது. கதம்பையில் (தேங்காய் மட்டையில்) பொட்டாசியம் மிகுதி. பெரிய உலையில் அதை மட்டும் தொடர்ந்து போட்டால் சாம்பல் உருகிக் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். மரத்தோடு கலந்து எரிப்பது நல்லது. சாண எரிவாயுக் கலனில் கதம்பையையும் சுள்ளியையும் போடுவோரும் உண்டு. காற்றில்லாத கலனுக்குள் மரச்சத்து செரிக்காது. மேலே மிதந்து ஏடாகக் கட்டி வாயுவைத் தடுக்கும். கலனுக்குச் சாணமும் மிச்சச் சோறும் காய்கறிக் கழிவும் போதும்.

மரம் வளரும், அதனால் விறகு தீராது என்ற நினைப்பு எனக்கு மிகவும் கவலை தருகிறது. வெட்டிய இடத்தில் மறுபடி மரம் நின்றால்தான் அது புதுப்பிக்கத்தக்க எரிபொருள். பால் வெட்டி முடித்த 25, 30 வயது ரப்பரை முறித்து, அதே குழியருகே புதுத் தை (கன்று) நட்டால் எரித்தபோது காற்றில் போன கார்பனைத் திரும்பப் பிடிக்க இன்னும் அத்தனை வருஷம் ஆகும். விளையை மனையாகப் பிளாட் போட்டுவிட்டால் அந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது. உதிர்ந்ததை எல்லாம் கூட்டி அடுப்புக்குக் கொண்டுபோவதும் அதே வகைத் தவறு. இலையிலும் சிறு கிளையிலும்தான் மண்ணுக்கான சத்து அதிகம். தென்னையின் மூட்டை, அதாவது அடிமரத்தை, சுற்றிக் குழியில் கதம்பையைப் புதைத்தால் கோடையில் ஈரம் நிற்கும், பொட்டாஷும் சேரும்.

சாம்பலை மட்டும் பார்த்துப் போடுங்கள். அது காரத்தன்மை உள்ளது. நம் செம்மண்ணின் புளிப்பை முறித்துத் தென்னைக்கும் வாழைக்கும் உதவும். ரப்பர் புளிப்பு மண்ணை விரும்பும் மரம், அதன் மூட்டில் குவிக்கவேண்டாம். யூரியாவோடும் சாணத்தோடும் கலக்கவும் கூடாது. தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். இரண்டையும் போடுவதென்றால் நடுவே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.