சாஃப்ட்பால் ஸ்விங்: பந்தை அடித்த பிறகு கைகள் எங்கே முடிய வேண்டும்?

சேலத்துப் பள்ளி மைதானங்களில் சாஃப்ட்பால் பேட்டை முதன்முதலாகக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் அதற்கு முன்பே தெருவில் கிரிக்கெட் ஆடிப் பழகியவர்கள். கிரிக்கெட்டில் புல் ஷாட் ஆடும்போது பந்து மேலெழும்பிக் கேட்ச் ஆகிவிடாமல் இருக்க மணிக்கட்டைப் புரட்டச் சொல்லித் தருவார்கள். அங்கே அது சரியான பாடம்தான். அதே பழக்கத்தைச் சாஃப்ட்பாலுக்குக் கொண்டுவந்தால், பந்து தரையில் உருண்டு ஷார்ட்ஸ்டாப் எனப்படும் உள்வட்டத் தடுப்பாளரின் கையுறைக்குள் போய்ச் சேரும்; அடித்ததும் ஓடித் தொட வேண்டிய, 60 அடி தொலைவில் உள்ள முதல் பேஸை எட்டுவதற்குள் ஆட்டக்காரர் அவுட்டாகிவிடுவார்.

பேட்டும் பந்தும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பது ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அதன் பிறகு கைகள் என்ன செய்தாலும் பந்தின் போக்கு மாறப்போவதில்லை. ஆயினும் ஃபாலோ த்ரூவை, அதாவது பந்தை அடித்த பிறகும் பேட் தொடர்ந்து சுழல்வதை, கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பேட்டைச் சீக்கிரம் நிறுத்திவிட வேண்டும் என்று நினைப்பவரின் தசைகள் பந்தைத் தொடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைக்கத் தொடங்கிவிடும்; மேலும், கைகள் முடிகிற இடம் அவை எந்த வழியாக வந்தன என்பதற்குச் சாட்சியாக இருக்கும். எனவே, முடிவு நிலையை மட்டும் அழகுக்காகத் திருத்துவது வீண் வேலை. அதைப் பார்த்து, அதற்கு முந்தைய தவற்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

வலக்கை ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். இடக்கையர் பக்கங்களை மாற்றிக்கொள்ளலாம். பந்தைத் தொடும் கணத்தில் வலது உள்ளங்கை வானத்தையும் இடது உள்ளங்கை தரையையும் பார்த்திருக்க வேண்டும். அப்போது வலது முழங்கை இன்னும் சற்று மடங்கியே இருக்கும். தொட்ட பிறகும் உள்ளங்கைகளின் இந்த நிலையைக் கலைக்காமல், பந்து போகும் திசையிலேயே பேட்டைத் தள்ளிக்கொண்டு சென்றால், இரண்டு முழங்கைகளும் நீண்டு, கைகள் இரண்டும் மார்புக்கு முன்னால் கூம்பு வடிவில் குவிந்து நிற்கும். மணிக்கட்டு புரள வேண்டியது இந்த இடத்தைத் தாண்டிய பிறகுதான், அதுவும் தானாகவே. புரட்ட முயல்பவர்கள் பெரும்பாலும் முன்கூட்டியே புரட்டிவிடுகிறார்கள். அதன் பின் கைகள் உடலைச் சுற்றி உயர்ந்து இடது தோளின் அருகே வந்து முடியும். பேட்டின் தலை முதுகுப் பக்கம் போயிருக்கும். தொடக்கத்தில் இடது தோளின் அருகே இருந்த தாடைக்குக் கீழே இப்போது வலது தோள் வந்திருந்தால், தலை அசையாமல் உடல் மட்டும் சுழன்றது என்று பொருள்.

எல்லாப் பந்துக்கும் ஒரே முடிவு நிலை என்று பிடிவாதம் பிடிப்பது எனக்கு உடன்பாடில்லை. முழங்கால் உயரத்தில் வரும் பந்தை அடித்தால் கைகள் தோளுக்கு மேலே முடிவதும், மார்பு உயரத்தில் வரும் பந்தை அடித்தால் அவை தோளுக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ மட்டமாக முடிவதும் இயல்பு. உயரமான பந்துக்கும் கைகளை வலிந்து மேலே தூக்குபவர் பந்தின் அடிப்பகுதியைச் சீண்டி, அதை நேரே மேலே எழுப்பிவிட்டு அவுட்டாவார்.

வலக்கையை இறுதியில் விட்டுவிடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். முழங்கைகள் இரண்டும் நீண்ட பிறகு விட்டால் தவறில்லை. அதற்கு முன்பே பிடி தளர்ந்தால் அடியில் வலு இருக்காது, பேட்டும் கைநழுவிப் பறக்கக்கூடும். புதிதாகக் கற்பவர்கள் இரண்டு கைகளோடும் முடிப்பதே நல்லது.

பயிற்சிக்கு டீயை (பந்தை மேலே நிறுத்திவைக்கும் தாங்கியை) இடது பாதத்துக்குச் சற்று முன்னால், இடுப்பு உயரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதி வேகத்தில் அடித்து, கைகள் நீண்ட இடத்திலேயே நிறுத்தி உள்ளங்கைகளைப் பாருங்கள். வலது உள்ளங்கை அதற்குள் தரையை நோக்கிக் கவிழ்ந்திருந்தால் வேகத்தைக் கூட்டாமல் மீண்டும் அடியுங்கள். டீ இல்லையென்றால், பஞ்சர் கடையில் கிடைக்கும் பழைய டயரை மரக்கிளையில் இடுப்பு உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, பழைய மரப் பேட்டால் மெதுவாக அடித்து, தொட்ட நிலையிலேயே கைகளைச் சரிபார்க்கலாம். முழு வேக ஸ்விங்கைக் கண்ணால் பிடிக்க முடியாது என்பதால், யாரையேனும் எதிரே பாதுகாப்பான தொலைவில் நிற்கவைத்துக் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் எடுக்கச் சொல்லுங்கள்.

பந்து எவ்வளவு தூரம் போயிற்று என்பதை மட்டும் வைத்து ஸ்விங்கை எடைபோட வேண்டாம். சேலம் நகரைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், அதே அடி அங்கே சற்றுக் கூடுதல் தூரம் போகும். சித்திரை வெயிலில் சேலத்தில் ஆடும்போது வியர்வையாலும், ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் காலையில் ஈரத்தாலும் கிரிப் வழுக்கும். ஒவ்வொரு முறை பேட் செய்யப் போகும்போதும் உலர்ந்த துணியால் பிடியைத் துடைத்துக்கொள்ளுங்கள், அப்படிப்பட்ட நாட்களில் வலக்கையை விடவே வேண்டாம்.